முன்னாள் மாணவர் நேர்காணல்: கொங்கு நாட்டிலிருந்து நவம்பரில் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நவம்பர் 1-க்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால், அடுத்த சில வாரங்களில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வரலாம். "நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். உங்களோடு அரை மணி நேரம் பேச வேண்டும்" என்று இருக்கும். இதுதான் முன்னாள் மாணவர் நேர்காணலுக்கான அழைப்பு. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் இந்த மெயில் வந்த வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். சீட்டுக் கிடைத்துவிட்டது என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போகும். இல்லாவிட்டால் நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்வதுபோல கேள்வி பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இரண்டும் பிள்ளைக்கு உதவாது.

அந்த முன்னாள் மாணவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். உங்கள் மதிப்பெண், கட்டுரை, சிபாரிசுக் கடிதம் எதுவும் பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. பெயர், பள்ளி, மெயில் முகவரி, சில இடங்களில் நீங்கள் படிக்க விரும்பும் பாடம், இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். சீட்டுத் தருவதும் மறுப்பதும் அவர் கையில் இல்லை. பேசி முடித்ததும் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு சிறு அறிக்கை எழுதுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. அந்த அறிக்கையால் மட்டும் சீட்டு வருவதில்லை. ஆனால் கட்டுரையிலும் மதிப்பெண்ணிலும் தெரியாத ஆளை அது காட்ட முடியும்.

ஆகவே உங்கள் தயாரிப்பு முழுவதும் அந்த அறிக்கையை நினைத்தே இருக்கட்டும். "நல்ல பையன், உழைப்பாளி, ஆர்வமானவன்" என்று அவர் எழுதினால் அது ஆயிரம் பேருக்குப் பொருந்தும். எழுதுவதற்குப் பிடிமானமான விவரங்களை அவர் கையில் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அப்படிப்பட்ட விவரங்கள் கொங்கு நாட்டுப் பிள்ளைகளிடம் ஏராளமாக இருக்கின்றன. தறி, சாயம், தென்னை, மஞ்சள், கோழிப்பண்ணை, பம்ப்செட், லாரி என்று பேசுவதற்கு வீட்டிலேயே இருக்கும்போது, அதையெல்லாம் மறைத்துவிட்டு இணையத்தில் படித்த பதிலை ஒப்பிக்கிறார்கள். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைச் சரிசெய்வதற்கே.

எந்த வழியில் விண்ணப்பிக்கிறீர்கள்

வழக்கமான சுற்றுக்கு முன்பே, நவம்பரில், முன்கூட்டி விண்ணப்பிப்பதில் வகைகள் உண்டு. 'எர்லி டிசிஷன்' என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்: சீட்டுக் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்திட வேண்டும். பிரவுன், டார்ட்மத், கார்னெல், டியூக் போன்றவை இந்த வகை. 'எர்லி ஆக்‌ஷன்' என்றால் முடிவு சீக்கிரம் வரும், கட்டாயம் இல்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் கடைப்பிடிப்பது நடுவழி: கட்டாயம் இல்லை, ஆனால் அதே நேரத்தில் வேறு தனியார் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது.

வருடத்துக்கு 85,000 டாலருக்கு மேல் செலவு வைக்கும் இடங்கள் இவை. உதவித்தொகை இல்லாமல் முடியாது என்ற வீட்டில் 'எர்லி டிசிஷன்' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அப்பா அம்மா உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். தரும் உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதற்குள் மற்ற இடங்களின் முன்கூட்டிய வாய்ப்பு போயிருக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் மட்டுமே வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு எடுக்கின்றன. பெரும்பாலான மற்ற இடங்களில் எவ்வளவு உதவி கேட்கிறீர்கள் என்பதும் முடிவில் கணக்கில் வரும்.

நேர்காணல் எல்லா இடத்திலும் இல்லை. பிரவுன் முன்னாள் மாணவர் நேர்காணலை நிறுத்திவிட்டு, மாணவரே எடுத்து அனுப்பும் சிறு வீடியோவை வைத்திருக்கிறது. கார்னெலில் பெரும்பாலான படிப்புகளுக்கு நேர்காணல் இல்லை. யேலில் முன்னாள் மாணவர்களோடு இறுதியாண்டு மாணவர்களும் பேசுகிறார்கள். கூடுதல் தகவல் தேவைப்படும் விண்ணப்பங்களுக்கு முன்னுரிமை கொடுக்கிறார்கள். விதிகள் வருடா வருடம் மாறும் என்பதால், சீனியர் சொன்னதை வைத்துக்கொள்ளாமல் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தை அக்டோபரில் ஒருமுறை படியுங்கள்.

அழைப்பு வராவிட்டால் பதற வேண்டாம். உங்கள் ஊர்ப்பக்கம் தன்னார்வலர் இல்லை என்பது பெரும்பாலும் காரணம். பல்கலைக்கழகங்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: நேர்காணல் இல்லாததால் விண்ணப்பத்துக்குக் குறை இல்லை. நீங்களாக ஒரு முன்னாள் மாணவரைத் தேடிப் பிடித்து "எனக்கு நேர்காணல் வையுங்கள்" என்று கேட்பது மட்டும் கூடாது.

மெயிலும் நேரமும்

அழைப்பு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பல தன்னார்வலர்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதுவதால் அது ஸ்பேம் பெட்டியில் விழுந்துவிடும். காலையிலும் இரவிலும் ஸ்பேமைப் பாருங்கள். விண்ணப்பத்தில் அப்பாவின் மெயிலையோ பிரவுசிங் சென்டர்க்காரர் தொடங்கித் தந்த மெயிலையோ போட்டிருந்தால் அழைப்பு உங்களுக்குத் தெரியாமலே போகும். அடிக்கடி நடக்கும் இழப்பு இது. உங்கள் பெயரில், உங்கள் கையிலிருக்கும் போனில் திறக்கக்கூடிய மெயிலைக் கொடுங்கள்.

பதிலை 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். ஆறேழு வரி போதும். அழைத்ததற்கு நன்றி, உங்களுக்கு ஒத்துவரும் மூன்று நேரங்கள், ஒவ்வொன்றும் இந்திய நேரத்திலும் அவர் ஊர் நேரத்திலும், உங்கள் போன் எண், கீழே முழுப் பெயரும் பள்ளியும் ஊரும். சாதனைப் பட்டியலை இணைக்காதீர்கள். அவர் கேட்டால் மட்டும் ஒரு பக்கம் அனுப்பலாம். மெயிலை அப்பா எழுதக் கூடாது. "என் மகன் ஃப்ரீயாக இருக்கும் நேரம்" என்று தொடங்கும் பதிலைப் பார்த்ததுமே, பிள்ளைக்குப் பதிலாக வேறொருவர் பேசுகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நேரக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்கு முன்பு நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் வரும். அதற்குப் பிறகு பத்தரை. கலிஃபோர்னியா என்றால் பன்னிரண்டரை, பிறகு பதின்மூன்றரை. அக்டோபர் கடைசியில் பேசி வைத்த நேரம் நவம்பர் இரண்டாம் வாரத்துக்கு என்றால் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நாளும் மாறும். நவம்பர் நடுவில் நியூயார்க்கில் வெள்ளி இரவு 8 மணி என்றால் நமக்குச் சனி காலை 6.30. கலிஃபோர்னியாவில் ஞாயிறு இரவு 8 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 9.30, பள்ளியில் முதல் பீரியட் நேரம். பள்ளிக்குச் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வேறு நேரம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில் வரும். தீபாவளியன்று வேண்டாம் என்றால் அது என்ன பண்டிகை என்று ஒரு வரி எழுதிச் சொல்லலாம், அவர்கள் மதிப்பார்கள்.

மெயில் உண்மையானதுதானா என்று சந்தேகம் வந்தால் விண்ணப்பப் போர்ட்டலில் பாருங்கள், அல்லது சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். நேர்காணலுக்குப் பணம் கேட்பவர், பாஸ்போர்ட் நகல் கேட்பவர் எவரும் உண்மையானவர் இல்லை.

அவர் எழுதிக்கொள்ள என்ன கொடுப்பீர்கள்

ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். பரிசு வாங்கியவற்றை அல்ல, உங்கள் நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பதை. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரி: என்ன செய்தீர்கள், எவ்வளவு காலம் அல்லது எத்தனை, எங்கே தவறியது, இன்னும் புரியாமல் இருப்பது என்ன. கடைசி இரண்டு வரிகளில்தான் சரக்கு இருக்கிறது. தவறியதையும் புரியாததையும் சொல்லும்போதுதான் எதிரில் இருப்பவர் பேனாவை எடுப்பார்.

ஒரு உதாரணம் பார்ப்போம். சோமனூர்ப் பக்கம் வீட்டில் தறி ஓடும் ஒரு மாணவன் சொல்லக்கூடிய சாதாரணப் பதில் இது: "எங்களுக்கு விசைத்தறி இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு உதவி செய்வேன். அதிலிருந்து கடின உழைப்பையும் நேரத்தின் அருமையையும் கற்றுக்கொண்டேன்." இதிலிருந்து அறிக்கைக்கு எடுக்க ஒரு சொல்கூட இல்லை.

அதே மாணவன் இப்படியும் சொல்லலாம்: "வீட்டில் ஆறு தறி. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் அரசு இலவசமாகத் தருகிறது. அதைத் தாண்டினால் காசு கட்ட வேண்டும், தாண்டியது பில் வந்த பிறகுதான் தெரியும். நான் தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஏதோ ஒரு தறி அதிகமாக இழுக்கிறது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர் என்பதால் ஒவ்வொரு தறியையும் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். என் எண்ணம் தப்பு, எல்லாம் கிட்டத்தட்ட சமம். நூல் அறுந்து தறி நின்ற நேரத்திலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வீணான நேரத்தை எப்படிச் சரியாக அளப்பது என்று இன்னும் தெரியவில்லை." இது ஒன்றரை நிமிடப் பேச்சு. இதைக் கேட்டவர் அறிக்கையில் மூன்று வாக்கியம் எழுதுவார். அந்த மூன்றும் உலகத்தில் வேறு எந்த மாணவனுக்கும் பொருந்தாது.

பொள்ளாச்சித் தோப்பில் வளர்ந்த பிள்ளைக்கு 2016-இல் அங்கே தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இருக்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறியில் எத்தனை ஈ விழுந்தது, மருந்தடித்த மரத்தில் அந்த ஈயை அழிக்கும் ஒட்டுண்ணிகளும் ஏன் செத்தன என்று எண்ணிப் பார்த்திருந்தால் அதுவே பேச்சு. திருப்பூர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் கருவி) அளந்திருந்தால், குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை என்ற இந்தியத் தர அளவோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். அமுச்சிக்கு (பாட்டிக்கு) மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது, தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவது, வாரக் கடைசியில் பனியன் தைக்கும் பவர் டேபிள் யூனிட்டில் பீஸ் எண்ணிக் கட்டுவது எல்லாமே கணக்கில் வரும். வேலைக்குப் போவதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பள்ளி நேரம் போக வேலை செய்வதை அமெரிக்கச் சேர்க்கை அலுவலகங்கள் மதிப்போடு பார்க்கின்றன. விண்ணப்பத்திலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

செய்யாததைச் சொல்லாதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?", "அந்த மீட்டர் என்ன விலை?" என்று இரண்டு சாதாரணக் கேள்வி கேட்டாலே கட்டுக்கதை நின்றுவிடும். கேட்பவருக்குத் தறி தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஆளைத் தெரியும்.

நம் பக்கத்துக்கென்றே இரண்டு தடங்கல்கள் உண்டு. பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிப் பேசுவது துடுக்குத்தனம் என்று வளர்த்திருக்கிறார்கள். "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க, சும்மா பண்ணுனதுதானுங்க" என்று முடித்துக்கொள்ளும் பழக்கம் ஆங்கிலத்தில் பேசும்போதும் கூடவே வருகிறது. நம் ஊரில் அது பணிவு. அங்கே அது, சொல்ல ஒன்றுமில்லை என்று காதில் விழும். இதற்காகத் தற்பெருமை பேசத் தேவையில்லை. "நான் திறமைசாலி" என்று சொல்லாமல், செய்த வேலையை வரிசையாகச் சொன்னால் போதும். வேலையைப் பற்றிப் பேசும்போது கூச்சம் தானாகக் குறையும்.

இன்னொன்று 'நாங்க'. 'நான்' என்று சொல்வதற்குப் பதில் "நாங்க பண்ணுனோம்" என்பது நம் பேச்சில் இயல்பு. அப்படியே ஆங்கிலத்தில் 'வி' என்று வந்தால், நீங்கள் செய்தது எது, அப்பா செய்தது எது, நண்பர்கள் செய்தது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. "அறிவியல் கண்காட்சிக்கு நான்கு பேர் செய்தோம், சர்க்யூட் போட்டது நான், மாடல் கட்டியது மற்ற மூவர்" என்று பிரித்துச் சொல்லிப் பழகுங்கள்.

நம் ஆங்கிலம், அவர்கள் ஆங்கிலம்

உங்களோடு பேசுபவர் கோவையிலேயே இருக்கும் முன்னாள் மாணவராகவும் இருக்கலாம், சிங்கப்பூரிலோ பாஸ்டனிலோ இருக்கும் அமெரிக்கராகவும் இருக்கலாம். பின்னவர் என்றால் நாம் தினமும் சொல்லும் சில சொற்கள் அவருக்கு வேறு பொருளில் கேட்கும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாக.

திருப்பூரில் 'ஹோசியரி' என்றால் பனியன் தொழில். அமெரிக்கருக்கு அது பெண்கள் அணியும் காலுறை. 'நிட்வேர்' என்றோ டி-ஷர்ட் என்றோ சொல்லுங்கள். 'பனியன்' என்றால் அவருக்குத் தெரியாது. 'டையிங்' என்பது சாவதைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும். "அப்பா டையிங்கில் இருக்கிறார்" என்றால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை என்று முழுதாகச் சொல்லுங்கள். "எங்களுக்கு அறுபது சென்ட் இருக்கிறது" என்றால் சில்லறைக் காசு என்று நினைப்பார், 0.6 ஏக்கர் என்று சொல்லுங்கள். லட்சமும் கோடியும் புரியாது: 10 லட்சம் ஒரு மில்லியன், 1 கோடி பத்து மில்லியன். 'டியூஷன்' அங்கே கல்லூரிக் கட்டணம். 'ஹோட்டல்' என்றால் தங்கும் இடம் மட்டும்தான். 'பைக்' என்றால் சைக்கிள். 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தது. பள்ளி 'கரஸ்பாண்டென்ட்' கையால் பரிசு வாங்கினேன் என்றால் பத்திரிகை நிருபர் என்று எடுத்துக்கொள்வார். 'பிளஸ் டூ' என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியின் கடைசி வருடம் என்று சொல்லிவிடுங்கள். 'கட்-ஆஃப்' கணக்கையும் 600-க்கு எவ்வளவு என்பதையும் பேச்சில் கொண்டுவரவே வேண்டாம். மதிப்பெண் விண்ணப்பத்தில் இருக்கிறது.

உச்சரிப்பை மாற்ற முயலாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், அது போதும். தமிழ் வழியில் படித்தவர் என்றால் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம். இலக்கணத்துக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வேறு பதில் சொல்வதுதான் கெடுதல். அழைப்புக்கு முன் இரண்டு வாரம், தினமும் இருபது நிமிடம் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசிப் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எழுதிப் படிக்காதீர்கள். ஒரு பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.

ஒத்திகைக்குச் சித்தப்பா மாமாவை உட்கார வைக்க வேண்டாம். "நல்லாப் பேசுனே கண்ணு" என்றுதான் சொல்வார்கள். உங்கள் வீட்டைத் தெரியாத ஓர் ஆசிரியரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். முடிந்ததும், உங்களைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஐந்திலும் எண்ணோ, பொருளோ, இடமோ, நடந்த சம்பவமோ இருந்தால் நீங்கள் தயார். 'ஆர்வம்', 'தன்னம்பிக்கை' என்று மட்டும் இருந்தால் தாளை எடுத்துத் திரும்ப வேலை செய்யுங்கள்.

கேட்கப்படும் கேள்விகள்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். பிறந்த தேதியிலிருந்து ஆரம்பிக்காமல், ஊர், வீட்டில் என்ன தொழில், இப்போது உங்கள் மண்டையில் ஓடும் ஒரு விஷயம் என்று ஒரு நிமிடத்தில் நிறுத்துங்கள். அவர் எதைப் பிடித்து அடுத்த கேள்வி கேட்பது என்று முடிவு செய்ய அது போதும்.

"ஏன் எங்கள் பல்கலைக்கழகம்?" என்பதில் தரவரிசையையும் 'உலகத்தரம்' என்ற சொல்லையும் தவிருங்கள். பிரின்ஸ்டனில் கிட்டத்தட்ட எல்லா இறுதியாண்டு மாணவரும் ஆய்வேடு எழுதுகிறார்கள். யேலில் 14 உறைவிடக் கல்லூரிகள் உள்ளன. பிரவுனில் எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடப் பட்டியல் இல்லை. இப்படி ஒரு குறிப்பிட்ட விஷயத்தை எடுத்து, தாளில் எழுதிய உங்கள் ஐந்து விஷயங்களில் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். தறி மாணவன், அந்த வீணாகும் நேரத்தை அளக்கும் வேலையை ஒரு வருடம் உட்கார்ந்து செய்ய ஆய்வேடு இடம் தரும் என்று சொன்னால் அது அவனுடைய காரணம். வெறும் தகவலாகச் சொன்னால் இணையதளத்தைத் திருப்பிச் சொல்வதுதான். அவர் அங்கே நான்கு வருடம் இருந்தவர்.

"சமீபத்தில் எதைப் பற்றிக் கருத்தை மாற்றிக்கொண்டீர்கள்?", "யாரோடு கருத்து வேறுபாடு வந்தது?" என்ற கேள்விகளுக்கு வீட்டுச் சண்டையைச் சொல்லலாம், பெற்றோரைக் குறை சொல்லாமல். சொட்டுநீர் போடுவதா வேண்டாமா என்று அப்பாரோடு (தாத்தாவோடு) வாதாடியது நல்ல பதில். அவர் சொன்னதில் எது சரி என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்கக் கூடாது என்றே பெரும்பாலான தன்னார்வலர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கேட்டுவிட்டால், பொய் சொல்லாமல், "இன்னும் சில இடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முதலில் விண்ணப்பித்தது இங்கேதான்" என்று முடித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை பற்றி அவரிடம் கேட்க வேண்டாம். அவருக்கு அதில் ஒன்றும் செய்ய முடியாது, சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கடைசியில் "என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார். இல்லை என்று சொல்வது பெரிய நஷ்டம். மூன்று கேள்வி வைத்திருங்கள், அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடியதாக: சேரும்போது நினைத்த பாடத்தையே முடித்தீர்களா, முதல் செமஸ்டரில் எது தடுமாற வைத்தது, தூரத்திலிருந்து வந்தவர்கள் யாரோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். அவர் 1985-இல் படித்தவர் என்றால் இன்றைய விடுதியைப் பற்றிக் கேட்காதீர்கள்; அன்றைய நாளைக் கேளுங்கள்.

அந்த நாள்

ஆன்லைன் என்றால் முதல் எதிரி மின்தடை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை பெரும்பாலும் காலை 9-லிருந்து மாலை 4 அல்லது 5 மணி வரை இருக்கும். எந்தத் துணைமின் நிலையம், எந்த ஊர்கள் என்று முந்தைய நாள் பேப்பரில் வரும், பாருங்கள். ரவுட்டரை யுபிஎஸ்-இல் இணையுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள். வீடியோ அழைப்புக்கு மணிக்கு ஒரு ஜிபி வரை போகலாம் என்பதால், நாளுக்கு 1.5 ஜிபி பேக்கை அன்று பகலில் தீர்த்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நேரம் இது. இடி மின்னலில் இணைப்புப் போனால் உடனே மெயில் அனுப்ப அவர் முகவரி போனில் திறந்திருக்கட்டும். இலவச ஜூம் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு நிற்கும். அதே லிங்கில் மறுபடி நுழையுங்கள்.

லேப்டாப்பை நான்கு புத்தகத்தின் மேல் வைத்துக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வெளிச்சம் முகத்துக்கு எதிரில். மின்விசிறிச் சத்தம் மைக்கில் கேட்கும் என்பதால் இயர்போன் போடுங்கள். தறிக் குடோனோடு ஒட்டிய வீடு என்றால் அத்தை வீட்டுக்கோ பள்ளிக்கோ போய்விடுங்கள். திரைக்குப் பின்னால் நின்று அம்மா விடை சொல்லித் தருவது கண் அசைவிலேயே தெரிந்துவிடும்.

நேரில் என்றால் காபிக் கடை, நூலகம், அவர் அலுவலகம் போன்ற பொது இடமாக இருக்க வேண்டும். யார் வீட்டுக்கும் தனியாக வரச் சொன்னால், பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்காமல் கேளுங்கள். கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கோவைக்கு வருபவர்கள் பஸ் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அழைத்து வரலாம், விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். "பக்கத்து டேபிள்ல உக்காந்துக்கறனுங்க" என்பது பிள்ளையின் வாயை அடைத்துவிடும். இஸ்திரி போட்ட சட்டை, சுத்தமான செருப்பு போதும். கோட்டும் டையும் வேண்டாம்.

அவர் மெயிலில் எப்படிக் கையெழுத்திட்டாரோ அப்படியே கூப்பிடுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார்' வேண்டாம். கோவைக்காரராக இருந்து தமிழில் தொடங்கினால் தமிழிலேயே பேசுங்கள், 'ங்க' போட்டுத்தான்.

வெறுங்கையோடு போவது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. "ஒரு சீப்பு பழமாவது கொண்டு போடா" என்று வீட்டில் சொல்வார்கள். வேண்டாம். பழம், தீபாவளிப் பலகாரப் பெட்டி, ஆலையில் தைத்த டி-ஷர்ட், எதுவும் வேண்டாம். அவர் எழுதப்போகும் அறிக்கைக்கு முன் பொருள் வாங்கினால் அவருக்கே சங்கடம். காபிக்கு அவர் காசு கொடுத்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு

அன்றைக்கே, அல்லது மறுநாளுக்குள் நன்றி மெயில். நான்கு வரி, அதில் ஒரு வரி அவர் சொன்ன ஏதாவது ஒன்றைப் பற்றி. சொல்ல மறந்த சாதனைகளை அதில் திணிக்காதீர்கள். பேச்சில் தவறான எண் ஏதாவது சொல்லியிருந்தால் மட்டும் ஒரு வரியில் திருத்தலாம். "எனக்கு வாய்ப்பு எப்படி?" என்று கேட்கக் கூடாது, அவருக்குத் தெரியாது. லிங்க்ட்இன் அழைப்பை முடிவு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டிய முடிவுகள் டிசம்பர் நடுவில் வரும். கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 7 மணி என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை 5.30. சீட்டு, மறுப்பு, ஒத்திவைப்பு மூன்றில் ஒன்று. ஒத்திவைத்தால் விண்ணப்பம் வழக்கமான சுற்றுக்குப் போகும். நேர்காணல் அறிக்கையும் கோப்பிலேயே இருக்கும், இன்னொரு நேர்காணல் பெரும்பாலும் வராது. அதன் பிறகு செய்யக்கூடியது, ஜனவரியில் அரையாண்டு மதிப்பெண்ணையும், நவம்பருக்குப் பிறகு அந்த ஐந்து விஷயங்களில் எது எவ்வளவு நகர்ந்தது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிப் போர்ட்டலில் ஏற்றுவதுதான். முடிவு எதுவானாலும் நேர்காணல் செய்தவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பலர் எழுதுவதில்லை. அவருக்கு முடிவை வேறு யாரும் விவரமாகச் சொல்வதும் இல்லை.